கோயில் லேப்டாப்பைத் துடைத்துப் புதிய இயங்குதளம் போடவேண்டும்: பழைய தமிழ்க் கோப்புகள் என்ன ஆகும்?

மௌல்மேன் டீச்சர் | திங்கள், இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். பர்மாவில், மௌல்மேனில் எங்கள் கோயில் தமிழ் வகுப்புக்கு இருப்பது ஒரே ஒரு லேப்டாப். இன்டெல் ஆறாம் தலைமுறை, 8 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. பொத்தானை அழுத்திவிட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு தேவாரம் சொல்லிக் கொடுத்து முடிக்கும்போதுதான் திரை வருகிறது. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வரும் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிட்டன. 11 போடலாம் என்று பார்த்தால், இந்தக் கணினிக்குத் தகுதி இல்லை என்கிறது.

இங்கே ஒரு கடையில் கேட்டேன். "கொண்டுவந்து கொடுங்கள் சயாமா, ஃபார்மேட் அடித்து எல்லாம் புதுசாகப் போட்டுத் தருகிறோம், ஒரு மணி நேர வேலை" என்றார்கள். (சயாமா என்றால் பர்மியில் டீச்சர்.) கொடுக்க எனக்குக் கை வரவில்லை. காரணம் உள்ளே இருப்பவை. 2003-லிருந்து வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளின் பட்டியல், பாட்டுப் புத்தகம், உபய வரவு செலவு, கோயிலில் நடந்த கல்யாணங்களின் பதிவு எல்லாம் அதில்தான். தட்டச்சு செய்தவர் எங்கள் பழைய செயலாளர் ஐயா. இரண்டு வருடத்துக்கு முன் தவறிவிட்டார். அவர் எதில், எப்படித் தட்டினார் என்று கேட்க இப்போது ஆள் இல்லை. ஒரு பட்டியலைப் பென் டிரைவில் எடுத்துத் தம்பி வீட்டுக் கணினியில் திறந்தபோது ஒரு எழுத்துகூடத் தமிழில் வரவில்லை.

தண்ணீர்த் திருவிழா முடிந்ததும் கோடை வகுப்பு தொடங்கும். அதற்குள் செய்தாகவேண்டும். எப்படி?

ரங்கூன் ரிப்பேர் | திங்கள், இரவு 9.48

சயாமா, கடைக்குக் கொடுக்காமல் வைத்தீர்களே, அது பெரிய காரியம். பதினைந்து வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். என் யோசனை ஒன்றுதான். அந்த ஹார்ட் டிஸ்க்கைத் துடைக்கவே வேண்டாம்.

240 அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலாத டிஸ்க்) ஒன்று வாங்குங்கள். இரண்டரை அங்குலம், சாட்டா இணைப்பு. லேப்டாப்பின் அடி மூடியைக் கழற்றிப் பழைய டிஸ்க்கை வெளியே எடுத்து அந்த இடத்தில் இதை வையுங்கள். புதிய இயங்குதளம் புதிய டிஸ்க்கில் ஏறும். பழையது அப்படியே, ஒரு பைட் குறையாமல், துணியில் சுற்றி அலமாரியில் இருக்கும். அதற்கு ஒரு யூஎஸ்பி கேஸ் வாங்கிவிட்டால் வேண்டும்போது வெளியிலிருந்து மாட்டிப் படிக்கலாம்.

வேகம் இல்லாததற்கும் பாதிக் காரணம் சுழலும் டிஸ்க்தான். அதனால் இந்தச் செலவு வீண் போகாது. கோயிலில் யாராவது ஒரு உபயதாரரிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்செயின் வாசகன் | திங்கள், இரவு 10.30

அண்ணன் சொல்வதைக் கேளுங்கள் அக்கா. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பாவின் கணினியை ஒரு கடையில் கொடுத்தோம். எல்லாப் படங்களையும் டி-யில் வைத்திருந்தேன். "சி மட்டும்தான் அடிப்போம், டி-யைத் தொடமாட்டோம்" என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். திரும்பி வந்தபோது டி காலி. கேட்டால், "டிஸ்க் பழைய முறையில் பிரித்திருந்தது, புதிய விண்டோஸ் ஏற்கவில்லை, முழுசாக அடிக்க வேண்டி வந்தது" என்றார்கள். தாத்தா கப்பலில் வந்த காலத்துப் படம் ஒன்றை ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். அசல் ஏற்கனவே கறையான் அரித்துப் போனது. இப்போது இரண்டும் இல்லை.

ரங்கூன் ரிப்பேர் | திங்கள், இரவு 10.52

தம்பி, வருத்தமாக இருக்கிறது. அங்கே என்ன நடந்திருக்கும் என்று சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கு உதவும்.

சி-யும் டி-யும் இரண்டு டிஸ்க் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே டிஸ்க்கில் கோடு கிழித்துப் பிரித்த இரண்டு பகுதிதான். பழைய டிஸ்க்குகளில் அந்தக் கோடுகளின் கணக்கு எம்பிஆர் என்ற முறையில் எழுதியிருக்கும். பென் டிரைவ் யூஈஎஃப்ஐ என்ற புதிய முறையில் துவங்கினால் விண்டோஸ் நிறுவி ஜிபிடி முறையைத்தான் கேட்கும். எம்பிஆர் டிஸ்க்கைக் காட்டினால் இதில் நிறுவ முடியாது என்று நின்றுவிடும். அவசரத்தில் இருப்பவர் எல்லாப் பகுதிகளையும் அழித்துவிட்டு மேலே போவார். அதோடு டி-யும் போச்சு. நிதானமாகச் செய்பவர் டேட்டாவை முதலில் வேறிடம் எடுப்பார், அல்லது பென் டிரைவைப் பழைய பயாஸ் முறையில் துவக்குவார்.

விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தின் நிறுவியிலும் முழு டிஸ்க்கையும் அழித்து நிறுவு என்று ஒரு வாய்ப்பு வரும். அதில் சி, டி என்ற பேதமே கிடையாது. அதனால்தான் டிஸ்க்கையே மாற்றச் சொல்கிறேன். கை தவறினாலும் தவறாகப் போக அங்கே ஒன்றும் இருக்காது.

பெகு தம்பி | செவ்வாய், காலை 7.15

அக்கா, எந்த இயங்குதளம் என்று இன்னும் யாரும் சொல்லவில்லையே. உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது.

விண்டோஸ் 10-லேயே இருந்து பாதுகாப்புத் திருத்தங்களின் நீட்டிப்பில் சேருவது முதல் வழி. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரைதான், மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். இரண்டாவது, விண்டோஸ் 11-ஐத் தகுதிச் சோதனையைத் தாண்டி ஏற்றுவது. ரூஃபஸ் என்ற செயலி பென் டிரைவ் தயாரிக்கும்போதே அந்தச் சோதனையை எடுத்துவிடும். எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள இன்டெல்லுக்கு அதிகாரப்பூர்வமாக இடம் இல்லை, திருத்தங்களுக்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. ஓடும், ஆனால் வருடா வருடம் புதிய பதிப்பு வரும்போது நீங்களே கையால் ஏற்ற வேண்டியிருக்கும்.

மூன்றாவது லினக்ஸ் மின்ட். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு. 8 ஜிபி ராம் அதற்குத் தாராளம். வகுப்புக்குப் பாட்டுப் போடுவது, படம் காட்டுவது, பட்டியல் அச்சடிப்பது, இவ்வளவுதான் வேலை என்றால் என் ஓட்டு இதற்கே. விலை இல்லை என்பதற்காகச் சொல்லவில்லை. நம் ஊரில் கடைகளில் போட்டுத் தரும் "எல்லாம் உள்ளே போட்ட" விண்டோஸ் யார் கை பட்டு வந்தது என்று தெரியாது. கல்யாணப் பதிவும் பணக் கணக்கும் இருக்கும் கணினியில் அதை ஏற்ற நான் சம்மதிக்கமாட்டேன்.

இன்செயின் வாசகன் | செவ்வாய், காலை 7.40

தம்பி, நாளைக்கு டீச்சருக்கு ஒரு சிக்கல் வந்தால் மௌல்மேனில் லினக்ஸ் தெரிந்த ஆள் யார்? விண்டோஸ் என்றால் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார்.

பெகு தம்பி | செவ்வாய், காலை 7.58

நியாயமான கேள்வி. அதனால்தான் நிறுவுவதற்கு முன் ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். மின்ட்டைப் பென் டிரைவிலிருந்தே, டிஸ்க்கைத் தொடாமல் முழுசாக ஓட்டலாம். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று ஒரு மணி நேரம் பாருங்கள். குறிப்பாகப் பிரிண்டர். சில பழைய லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் பாடாய்ப் படுத்தும். பிடிக்கவில்லை என்றால் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு விண்டோஸ் 11 பக்கம் போகலாம்.

பழைய அச்சுக்காரர் | செவ்வாய், பகல் 1.20

எல்லோரும் டிஸ்க்கைப் பற்றிப் பேசுகிறீர்கள். அந்த அம்மா முதல் பதிவிலேயே ஒரு வரி சொன்னார், தம்பி வீட்டில் திறந்தபோது ஒரு எழுத்துகூடத் தமிழில் வரவில்லை என்று. அதை யாரும் எடுக்கவில்லை. கோப்பைக் காப்பாற்றிவிடலாம், எழுத்தைத்தான் தொலைத்துவிடுவோம். ரங்கூனில் அச்சகத்தில் முப்பது வருடம் பக்கம் கோத்தவன் நான். இந்த விபத்தைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

அம்மா, உங்கள் செயலாளர் ஐயா 2003-ல் தட்டியிருந்தால் அநேகமாக யூனிகோடில், அதாவது இப்போது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையில், தட்டியிருக்கமாட்டார். அந்தக் காலத்தில் பாமினி, டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு எழுத்துரு முறை. பாமினியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் "தமிழ்" என்ற சொல் கணினிக்குள்ளே தமிழாக இல்லை. ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி, இந்த ஐந்துதான் கோப்பில் இருக்கும். ஜே-க்குப் பதில் "த"-வின் படத்தைக் காட்டு என்று சொல்வது எழுத்துருக் கோப்பு. அது இருக்கும் கணினியில் "தமிழ்". இல்லாத கணினியில் ஆங்கிலக் கிறுக்கல்.

இப்போது யோசியுங்கள். புதிதாக நிறுவும்போது டாக்குமென்ட்ஸ், படங்கள் எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்துவைப்போம். எழுத்துரு விண்டோஸின் அடைவுக்குள் கிடக்கிறது, அதை யாரும் எடுப்பதில்லை. துடைத்தபின் எல்லாக் கோப்பும் இருக்கும், ஒன்றையும் படிக்க முடியாது.

அதனால் பழைய டிஸ்க்கைக் கழற்றும் முன், அது உயிரோடு ஓடும்போதே, இரண்டு வேலை செய்யுங்கள்.

ஒன்று, சி டிரைவில் விண்டோஸ் அடைவுக்குள் ஃபான்ட்ஸ் என்று இருப்பதை மொத்தமாகப் பென் டிரைவுக்கு எடுங்கள். எது வேண்டும், வேண்டாம் என்று பொறுக்காதீர்கள்.

இரண்டு, ஒவ்வொரு முக்கியக் கோப்பையும் அங்கேயே திறந்து, தமிழ் சரியாகத் தெரிகிறது என்று பார்த்து, பிடிஎஃப் ஆக்குங்கள். பிடிஎஃப் எழுத்துருவைத் தனக்குள் பொதிந்துகொள்ளும். பத்து வருடம் கழித்து எந்தக் கணினியில் திறந்தாலும் தமிழாகவே தெரியும். அதிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் மறுபடி கிறுக்கல்தான் வரும், ஆனால் கண்ணால் படிக்கலாம். மூலம் எப்படி இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

பெகு தம்பி | செவ்வாய், பகல் 1.45

ஐயா, பிடிஎஃப் எதற்கு? எல்லாவற்றையும் இப்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடலாமே. என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி மாற்றிகள் இருக்கின்றன. ஒரே நாள் வேலை.

பழைய அச்சுக்காரர் | செவ்வாய், பகல் 2.30

மாற்றத்தான் வேண்டும் தம்பி. ஆனால் நகலில் மாற்று, மூலத்தில் கை வைக்காதே. மாற்றியிடம் பாமினி என்று சொல்லி முழுப் பக்கத்தையும் கொடுத்தால், அந்தப் பக்கத்தில் இருக்கும் ஆங்கிலச் சொல்லையும் பாமினி என்று எண்ணி மாற்றிவிடும். பிள்ளையின் பெயர் தமிழில், பள்ளிக்கூடத்தின் பெயர் ஆங்கிலத்தில் என்றால் பள்ளிக்கூடம் அர்த்தமில்லாத தமிழ் எழுத்தாக வரும். எழுத்துரு எங்கே மாறுகிறது என்று பார்த்துத் துண்டு துண்டாகத்தான் மாற்றவேண்டும். மாற்றியபின் ஒப்பிட ஒன்று வேண்டுமே, அதற்குத்தான் பிடிஎஃப்.

இன்னொன்று. பாமினியில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. சின்ன ஜே "த", பெரிய ஜே "து". வேர்டிலும் லிப்ரே ஆபீஸிலும் வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கும் வசதி உண்டு. அதை நிறுத்தாமல் பழைய கோப்பில் ஒரு வரி சேர்த்தால் "தமிழ்" என்பது "துமிழ்" ஆகிவிடும். நான் இதைக் கல்யாணப் பத்திரிகையில் பார்த்திருக்கிறேன். ஐந்நூறு பிரதி அச்சடித்தபின்.

மௌல்மேன் டீச்சர் | செவ்வாய், இரவு 11.05

ஐயா, படித்ததும் நெஞ்சு பதறிவிட்டது. எழுத்துருவைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. இன்று மாலை மின்சாரம் இருந்த நேரத்தில் உட்கார்ந்து ஃபான்ட்ஸ் அடைவை எடுத்துவிட்டேன். 2003 பட்டியலைத் திறந்து பிடிஎஃப் ஆக்கினேன். அதில் பன்னிரண்டாவது பெயர் என் தம்பியுடையது. அப்பா பெயர், தெரு, கட்டணம் செலுத்திய தேதி எல்லாம் செயலாளர் ஐயா அடித்து வைத்திருக்கிறார். இன்னும் முப்பது கோப்பு பாக்கி.

எஸ்எஸ்டிக்கு ஒரு உபயதாரர் ஒத்துக்கொண்டார். மின்ட்தான் போடப்போகிறேன். ஆனால் இங்கே இணையம் மிக மெதுவு. அந்த நிறுவல் கோப்பு மூன்று ஜிபிக்கு அருகில் என்கிறார்கள். பாதியில் மின்சாரம் போனால் முதலிலிருந்தா?

பெகு தம்பி | புதன், காலை 6.50

அக்கா, நீங்கள் இறக்கவேண்டாம். என்னிடம் இருக்கிறது, பென் டிரைவிலேயே தயார் செய்து மௌல்மேன் பஸ்ஸில் பார்சல் போட்டுவிடுகிறேன். மற்றவர்கள் இறக்குவதாக இருந்தால் டோரென்ட்டில் இறக்குங்கள். நின்ற இடத்திலிருந்து தொடரும், ஒவ்வொரு துண்டையும் சரிபார்த்துக்கொள்ளும். நேரடியாக இறக்கினால் ஷா-256 என்ற சரிபார்ப்பு எண்ணை மின்ட் தளத்தில் இருப்பதோடு ஒப்பிட்டே ஆகவேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் அந்தக் கோப்பு வேண்டாம். நம் ஊர் இணையத்தில் அரைகுறையாக இறங்கிய கோப்பு நிறுவும்போது எண்பது சதவீதத்தில் நின்று உயிரை வாங்கும்.

வேறு என்ன எடுக்கவேண்டும் என்று யோசித்தேன். உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், புத்தகக்குறிகள். டாக்குமென்ட்ஸுக்குள் வைபர் டவுன்லோட்ஸ் என்று ஒரு அடைவு இருக்கும், பெற்றோர் அனுப்பிய படங்கள் அங்கேதான். டெஸ்க்டாப்பில் கிடப்பவை.

ரங்கூன் ரிப்பேர் | புதன், காலை 8.20

இரண்டு சேர்க்கிறேன். டிஸ்க்கைக் கழற்றும் முன் அமைப்புகளில் பிட்லாக்கர் அல்லது சாதனப் பூட்டு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் கேஸில் மாட்டிப் படிக்கும்போது 48 இலக்க மீட்பு எண் கேட்கும். அது இல்லாவிட்டால் டிஸ்க் கையில் இருந்தும் பயன் இல்லை. முதலில் பூட்டை நீக்கிவிடுங்கள்.

அப்புறம் கடைசியாக அணைக்கும்போது ஷிஃப்டை அழுத்திக்கொண்டு அணையுங்கள். சும்மா அணைத்தால் விண்டோஸ் முழுசாக உறங்காது, அடுத்த தடவை வேகமாக எழுந்திருப்பதற்காகப் பாதி நினைவை டிஸ்க்கில் வைத்திருக்கும். அப்படி இருக்கும் டிஸ்க்கை லினக்ஸ் படிக்க மட்டும்தான் விடும், சில சமயம் அதற்கும் அடம் பிடிக்கும்.

சிங்கப்பூரில் ஒரு பர்மாக்காரன் | புதன், காலை 9.00

புது லேப்டாப் ஒன்று வாங்கி அனுப்பலாமே. நாலு பேர் சேர்ந்தால் முடியும். இவ்வளவு சிரமம் எதற்கு?

மௌல்மேன் டீச்சர் | புதன், மதியம் 12.40

மனசுக்கு நன்றி அண்ணே. புதுசு வந்தாலும் இந்தக் கோப்புகளை அதற்கு மாற்றும்போது இதே கதைதான். அதை முதலில் கற்றுக்கொள்கிறேன்.

மௌல்மேன் டீச்சர் | சனி, இரவு 8.35

நடந்ததைச் சொல்கிறேன். பார்சல் நேற்று வந்தது. இன்று பகல் மின்சாரம் வரும் நேரம் பார்த்துத் தொடங்கினேன். அடி மூடியில் பதினோரு திருகு. ஒவ்வொன்றையும் எடுத்த இடத்தின் பெயரை எழுதிக் காகிதத்தில் ஒட்டிவைத்தேன், ஏனென்றால் இரண்டு மட்டும் நீளம் அதிகம். பழைய டிஸ்க்கை எடுத்துத் துணியில் சுற்றி மேசை மேல் வைத்தேன்.

பென் டிரைவிலிருந்து மின்ட்டை ஓட்டிப் பார்த்தேன். வைஃபை பிடித்தது, சத்தம் வந்தது. பிரிண்டரும் தானாகவே தெரிந்தது. சரி என்று நிறுவலைத் தொடங்கினேன். பாதியில் மின்சாரம் போனது. இந்த லேப்டாப்பின் பாட்டரி ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. திரை இருண்டதும் கை நடுங்கிவிட்டது. அப்புறம் மேசையைப் பார்த்தேன், பழைய டிஸ்க் அங்கேயே இருக்கிறது. போய்ச் சமையலைப் பார்த்தேன். மூன்றரை மணி நேரம் கழித்துத் தெருவில் பிள்ளைகள் "மீ லாபீ", மின்சாரம் வந்துவிட்டது, என்று கத்தினார்கள். மறுபடி முதலிலிருந்து தொடங்கி இருபது நிமிடத்தில் முடிந்தது.

இப்போது பொத்தானை அழுத்தினால் அரை நிமிடத்துக்குள் திரை வருகிறது.

ரங்கூன் ரிப்பேர் | சனி, இரவு 8.50

அருமை சயாமா. இயங்குதளம் நிறுவும்போது மின்சாரம் போனால் இவ்வளவுதான், மறுபடி செய்யலாம். ஆனால் யாராவது பயாஸை (போர்டுக்குள் இருந்து கணினியைத் துவக்கும் மென்பொருள்) மேம்படுத்துவதாக இருந்தால், நல்ல பாட்டரியோ யூபிஎஸ்ஸோ இல்லாமல் தொடாதீர்கள். அது பாதியில் நின்றால் போர்டே போய்விடலாம்.

மௌல்மேன் டீச்சர் | ஞாயிறு, காலை 10.15

ஒரு சிக்கல். பென் டிரைவில் எடுத்த எழுத்துருக்களை மின்ட்டில் போட்டேன். பாட்டுப் புத்தகமும் பட்டியல்களும் தமிழில் அழகாக வருகின்றன. ஆனால் 2021, 2022 உபயக் கணக்கு மட்டும் கிறுக்கலாகவே இருக்கிறது. அந்தக் கோப்புகளைப் பிடிஎஃப் ஆக்க நேரம் கிடைக்கவில்லை. என்ன செய்வது?

பழைய அச்சுக்காரர் | ஞாயிறு, காலை 11.00

அந்தக் கோப்பை லிப்ரே ஆபீஸில் திறந்து கிறுக்கல் மேல் ஒரு இடத்தில் சொடுக்குங்கள். மேலே எழுத்துருப் பெயர் இருக்கும் பெட்டியைப் பாருங்கள். பெயர் சாய்வாகத் தெரிந்தால் அந்த எழுத்துரு உங்களிடம் இல்லை என்று அர்த்தம். பெயரை இங்கே எழுதுங்கள்.

பெகு தம்பி | ஞாயிறு, காலை 11.12

எனக்கு ஒரு சந்தேகம். விண்டோஸ் 10-ன் பிந்திய பதிப்புகளில் எழுத்துருவை இரட்டைச் சொடுக்கில் நிறுவினால் அது விண்டோஸ் அடைவுக்குப் போகாது. அந்தப் பயனருக்கு மட்டும் என்று தனியாக வைத்துவிடும். யூசர்ஸ், அதற்குள் செயலாளர் ஐயாவின் பயனர் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ். ஆப்டேட்டா மறைந்திருக்கும், மின்ட்டில் பார்த்தால் சாதாரணமாகவே தெரியும். ஐயா 2021-ல் ஒரு புதிய எழுத்துரு வாங்கியிருந்தால் அங்கேதான் இருக்கும்.

மௌல்மேன் டீச்சர் | ஞாயிறு, மதியம் 1.30

இருக்கிறது! பழைய டிஸ்க்கைக் கேஸில் மாட்டித் தம்பி சொன்ன வழியே போனேன். அங்கே நான்கு எழுத்துருக்கள். போட்டதும் இரண்டு வருடக் கணக்கும் தெரிந்துவிட்டது. கடைசி வரியில் "விளக்கு எண்ணெய்" என்று வந்தபோது என் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

டிஸ்க்கைத் துடைத்திருந்தால் இதை எங்கே போய்த் தேடியிருப்பேன்?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். 2009 பட்டியலில் பிள்ளைகளின் பர்மியப் பெயர் தனி வரிசையில் இருக்கிறது. எழுத்தெல்லாம் பர்மியாகத்தான் தெரிகிறது, ஆனால் இடம் மாறிக் கலைந்து கிடக்கிறது.

பெகு தம்பி | ஞாயிறு, மதியம் 2.05

அது ஜாவ்ஜி என்ற பழைய பர்மிய எழுத்துரு முறை அக்கா. நம் நாடு 2019 அக்டோபர் 1-ல் அதிகாரப்பூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முன் பெரும்பாலோர் தட்டியது ஜாவ்ஜிதான். மின்ட்டில் வரும் எழுத்துரு யூனிகோட்.

பாமினியைவிட இது பொல்லாதது. பாமினியில் உள்ளே ஆங்கிலம், அதனால் கிறுக்கலைப் பார்த்ததும் தெரிந்துவிடும். ஜாவ்ஜியோ யூனிகோடின் அதே பர்மிய எண்களை எடுத்துத் தன் இஷ்டத்துக்கு வேறு பொருளில் வைத்துக்கொண்டது. எது ஜாவ்ஜி, எது யூனிகோட் என்று கணினியாலேயே ஊகிக்கத்தான் முடியும். நீண்ட பத்தி என்றால் ஊகம் சரியாக வரும். இரண்டு எழுத்துப் பெயர் என்றால் தவறலாம்.

பழைய அச்சுக்காரர் | ஞாயிறு, மதியம் 3.10

இதைக் கொஞ்சம் விளக்குகிறேன், தமிழ் தெரிந்தவர்களுக்கு எளிதில் புரியும். "கெ" எழுதும்போது கொம்பை முதலில் போட்டுப் பிறகு "க" எழுதுகிறோம். கண்ணுக்குத் தெரியும் வரிசை அது. ஆனால் சொல்லும்போது க் முதலில், எ பிறகு. யூனிகோட் சொல்லும் வரிசையில் சேமிக்கிறது. பாமினியும் டிஸ்கியும் கண் வரிசையில் சேமித்தன. பர்மியில் "தவேதோ" என்று ஒரு குறி, நம் கொம்பு போலவே எழுத்துக்கு முன்னால் நிற்கும். ஜாவ்ஜி அதைக் கண் வரிசையில் வைத்தது, யூனிகோட் சொல் வரிசையில் வைக்கிறது. இரண்டு மொழிக்கும் ஒரே நோய். இரண்டையும் தினமும் எழுதும் நமக்கு இரட்டிப்பு வேலை.

அதனால் அம்மா, அந்த வரிசையை நகலெடுத்து அதை மட்டும் ஜாவ்ஜியிலிருந்து மாற்றுங்கள். தமிழ் வரிசையோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். தமிழ்ப் பெயர் பக்கத்திலேயே இருக்கிறதே, ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்து ஒப்பிடுங்கள்.

மௌல்மேன் டீச்சர் | ஞாயிறு, இரவு 9.20

மாற்றினேன் ஐயா. 46 பெயரில் 43 சரி. மூன்று பெயர் தமிழ்ப் பெயரோடு ஒத்துவரவில்லை. அந்த மூன்று வீடும் எனக்குத் தெரியும், நாளை போய்க் கேட்டுவிடுகிறேன்.

தட்டுவதற்குத் தமிழ்99 விசைப்பலகை போட்டுவிட்டேன். பர்மிய விசைப்பலகையும் பக்கத்தில். ஒரு பொத்தானில் மாறிக்கொள்கிறேன்.

ஒரே ஒரு கோப்பு பாக்கி. 2011 கும்பாபிஷேக மலர். எழுத்துருப் பெயர் சாய்வாகத்தான் தெரிகிறது, இரண்டு அடைவிலும் தேடிவிட்டேன், இல்லை. செயலாளர் ஐயாவே அதைத் தன் கணினியில் திறக்க முடியாமல் இருந்திருப்பாரோ? பெயரையும் முதல் பக்கத்தையும் படமெடுத்து இணைத்திருக்கிறேன்.

பழைய அச்சுக்காரர் | ஞாயிறு, இரவு 10.40

படத்தைப் பார்த்தேன். அந்த மலர் உங்கள் லேப்டாப்பில் கோத்தது இல்லை, அச்சகத்தில் கோத்துத் திருத்தம் பார்க்க உங்கள் ஐயாவுக்கு அனுப்பியிருப்பார்கள். அதனால்தான் எழுத்துரு அங்கே இல்லை. பெயரைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன், நாங்களும் தலைப்புக்கு அதைத்தான் வைத்திருந்தோம். என் பெட்டியில் ஒரு சிடியில் இருக்கவேண்டும். ஆனால் இப்போது வீட்டில் சிடி போடும் கணினி இல்லை.

ரங்கூன் ரிப்பேர் | ஞாயிறு, இரவு 10.48

ஐயா, என் கடையில் யூஎஸ்பி சிடி டிரைவ் இருக்கிறது. நாளைக் காலை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். சிடி கீறியிருந்தாலும் நாலைந்து தடவை படித்துப் பார்க்கலாம். எடுத்ததும் மௌல்மேன் பஸ்ஸுக்குக் கொடுத்துவிடுகிறேன் சயாமா, பெகு தம்பியின் பென் டிரைவையும் அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பிவிடுங்கள்.